மேலேரியில் மீனுக்குக் காவல்

பாரிமுனையில் பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பதினாறு, பதினேழு வயதில் ஐந்து பெண்கள். கூட ஒரு டீச்சர். ஆளுக்கொரு துணிப்பை. எல்லாவற்றுக்கும் நடுவில் சாக்கில் சுற்றிக் கட்டிய மண்வெட்டிகள்.

“இன்னாம்மா, கோயிலுக்கா, கண்ணாலத்துக்கா?”

“ஏரியில செடி பிடுங்கப் போறோம்” என்றாள் மெர்சி. பெரம்பூர்ப் பெண், என் வகுப்புத் தோழி. எதையும் ஒளித்துப் பேசத் தெரியாதவள்.

“செடி புடுங்கவா பட்டணத்துலேர்ந்து டிக்கெட் எடுத்துகினு போறீங்க? எங்க வூட்டாண்டயே எவ்ளோ வோணும்னாலும் கீது, வாங்களேன்!”

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. இதே சிரிப்பைத் திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். வயசுப் பெண் லீவில் தையல் கற்றுக்கொள்ளலாம், இந்தி படிக்கலாம், சேற்றில் இறங்கி என்னத்தைக் கிழிக்கப் போகிறாள் என்று அம்மா கேட்டாள். என்ன கிழிப்பேன் என்று எனக்கும் தெரியாது. ஆனால் போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போவதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. படிக்கிறவர்கள் அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சித்திரை வெயில் காலையிலேயே முதுகைச் சுட்டது. பூந்தமல்லி தாண்டியதும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை இடப்பக்கம் ஓடிவந்தது. ஸ்ரீபெரும்புதூர் வரை நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய்ச் சொச்சம். அங்கே இறங்கி, ஒரகடம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸுக்கு ஒரு புளியமரத்தடியில் காத்துக்கிடந்தோம். வந்த பஸ்ஸில் எங்களுக்கு முன்பே இரண்டு ஆடுகள் ஏறியிருந்தன. வழியெல்லாம் புதர்க்காடும் பனையும் காய்ந்த வயலும். நடுநடுவே வெள்ளையடித்த அளவுக்கற்கள் நட்டிருந்தார்கள். கம்பெனி வரப்போகிறது என்றார் பக்கத்து சீட்டுக்காரர். என்ன கம்பெனி என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

வடக்குப்பட்டில் இறங்கி மேற்கே ஒரு மைல் நடந்தால் மேலேரி. பறவைகளுக்காக ஒதுக்கப்பட்ட ஏரி, சுடவோ கூடு கலைக்கவோ கூடாது என்று கரையில் ஒரு சர்க்கார் பலகை நின்றது. பலகையின் மேல் ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஏரியில் பாதி நீர், பாதி நெய்வேலிக் காட்டாமணக்கு. ஊதாப் பூ பூத்துப் பார்வைக்கு அழகாக இருக்கும் சனியன் அது. வெட்டிப் போட்ட துண்டு ஈரமண்ணில் கிடந்தாலே வேர்விட்டுவிடும். விட்டுவைத்தால் நாளைக்கு நீர் தெரியாது, நத்தை இருக்காது, பறவை வராது. அதை வேரோடு பிடுங்கிக் கரையில் காயப்போட்டுக் கொளுத்துவதுதான் எங்கள் வேலை. எங்களோடு வந்த, பள்ளி இயற்கை மன்றத்தின் சரோஜா டீச்சர் அதற்கான அனுமதியை வாங்கியிருந்தார். தங்குவதற்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடம், விடுமுறையாதலால் காலி.

திங்கட்கிழமை ஏரியில் இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் கைகளில் கொப்புளம். செடியின் பால் பட்டு அரிப்பு வேறு. கரையில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

“இன்னா புடுங்கற நீ? இலையைப் புடிச்சி இழுத்தா செடி வந்துடுமா?”

“சிரிக்கிறதுக்கு இறங்கிப் பிடுங்கேன்” என்றேன் நான்.

இறங்கிவிட்டாள். அவள்தான் தேவகி. வடக்குப்பட்டில் ஓர் உழவர் வீட்டுப் பெண், என் வயது. அன்றிலிருந்து அவளும் எங்களில் ஒருத்தி. ரோஷத்துக்கு வந்தவள், பிறகு பறவைகளுக்காக வர ஆரம்பித்தாள்.

ஏரிக்குள் முழங்கால் நீரில் கருவேல மரங்கள் கொத்தாக நின்றன. அவற்றின் மேல் நத்தைகுத்தி நாரைகளின் கூடுகள். மூக்கின் நடுவில் ஒரு சந்து விட்டுப் படைக்கப்பட்ட பறவை. அந்தச் சந்தால் நத்தையைக் கவ்விக் கொண்டுவந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கும். அந்த வருஷம் மழை தள்ளிப் பெய்ததால் கூடு கட்டியதும் தள்ளிப்போய்விட்டது. மற்ற ஏரிகளில் குஞ்சுகள் பறந்து முடிந்த நேரத்தில் இங்கே அப்போதுதான் இறக்கை முளைத்து, கூட்டில் நின்று ஆடிக்கொண்டிருந்தன. எனக்கு அவற்றைப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. அவ்வளவு அவலட்சணம், அதற்குமேல் அவ்வளவு திமிர்.

செவ்வாய்க்கிழமை ஒரு மோட்டார் சைக்கிள் கரைமேல் வந்து நின்றது. படப்பைக்காரர் ஏகாம்பரம், ஏரியின் மீன் குத்தகைக்காரர். புதன்கிழமை மதகைத் திறந்து மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னார். கேட்டதும் டீச்சர் முகம் மாறியது. கூட்டு மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வரைதான் நாயும் நரியும் அண்டாது. தண்ணீர் வற்றினால் தாய்ப்பறவைகள் மிரண்டுபோகும், தவறி விழுகிற குஞ்சு ஒன்றுகூடத் தப்பாது.

“இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா?” என்று டீச்சர் கேட்டார்.

“தண்ணி எறங்குனாத்தான்மா மீனு. இந்த மாசத்தோட என் குத்தகை முடிஞ்சிபோவுது. கொக்கு குஞ்சி வுட்டுக்கினு கீதுன்னு நான் வூட்ல குந்திக்கினா எனக்கு யாரு சோறு போடுவா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மெர்சிதான் வயலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், மரங்களைச் சுற்றி வரப்புப் போட்டால் உள்ளே தண்ணீர் நிற்காதா என்று. தேவகி யோசித்தாள்.

“நிக்கும். ஒடையாம பாத்துக்கினா நிக்கும்.”

ஏகாம்பரம் கையை வீசினார். “போட்டுக்கோங்க, எனக்கு இன்னா? ரெண்டு நாள்ல கரைஞ்சிபூடும்.”

கரைஞ்சிபூடும் என்ற அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. ஒரு நாளாவது தள்ளித் திறக்கும்படி டீச்சர் கெஞ்சி வியாழக்கிழமைக்கு வாங்கிக்கொண்டார். செவ்வாய் மத்தியானத்திலிருந்து புதன் பொழுது சாயும் வரை மண் வெட்டினோம். களிமண்ணை இரும்புச் சட்டியில் வாரி, கைக்குக் கை மாற்றி, மரக்கொத்தைச் சுற்றி வட்டமாக ஒரு கரை. அடியில் முள் குத்திற்று, மேலே நாரைகள் எச்சமிட்டன. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மிதித்து மிதித்து மண்ணை இறுக்கினோம். ஒருத்தியும் கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை. வியாழன் காலை மதகு திறந்தது. ஏரி சரசரவென்று இறங்கிச் சேறாயிற்று. எங்கள் வட்டக்கரைக்குள் மட்டும் தண்ணீர் அப்படியே நின்றது. கசிந்த இடத்தில் ஓடிப்போய் மண் அப்பினோம். ஏகாம்பரத்தின் ஆட்கள் வலை இழுத்தபடியே எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் தேவகி கரைமேல் உட்கார்ந்து, உள்ளே துள்ளும் மீன்களைக் காட்டினாள்.

“பாத்தியா, வெரா, கெளுத்தி, கொறவை, எல்லாம் இங்க வந்து பூந்துகினு கீது. முள்ளு மரத்தாண்ட வலை இழுக்க முடியாதுல்ல. நாளைக்கு ஊருக்கு நல்ல வேட்டை.”

“என்ன வேட்டை?”

“தமுக்கு அடிப்பாங்கல்ல?”

அவளுக்கு அது விடிந்தால் சூரியன் வரும் என்பது போன்ற சங்கதி. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்து வழக்கம் இதுதான்: குத்தகைக்காரர் கடைசி வலையை எடுத்துக் கரையேறியதும் தமுக்கு அடிப்பார்கள். அதன்பின் ஏரியில் எந்தப் பள்ளத்தில் எவ்வளவு மீன் மிச்சம் இருந்தாலும் அது ஊருக்குச் சொந்தம். கூடையோ, பழைய புடவையோ, வெறுங்கையோ, யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம். வழக்கமாகத் தண்ணீர் மிஞ்சுவது மதகுப் பள்ளத்தில், மரங்களுக்கு வெகுதூரத்தில். இந்த வருஷம் ஏரியிலேயே தண்ணீர் மிஞ்சிய ஒரே பெரிய இடம் நாங்கள் கட்டிக்கொடுத்த வட்டக்கரைதான். நாயை விரட்டுவதாக நினைத்து ஊரையே கூடுகளின் அடியில் கூப்பிட்டு வைத்திருந்தோம்.

“இதை ஏன்டி முன்னாடியே சொல்லலை?” என்று கத்தினேன்.

“உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்? இது தெரியாமயா ஏரில கரை போட்டீங்க?”

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். காலையில் நாமே கரையை வெட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம், மீன் பள்ளத்துக்குப் போகும், கூட்டமும் அங்கே போகும், நமக்குச் செடி பிடுங்கத்தான் அனுமதி என்றார். வெட்டினால் குஞ்சுகளுக்கு நாய், வெட்டாவிட்டால் ஜனம். “நான் வெட்ட மாட்டேன் டீச்சர்” என்றேன். மெர்சியும் அதையே சொன்னாள். டீச்சர் எங்களைத் திட்டினார். ஆனால் மண்வெட்டியை அவரும் கையில் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏகாம்பரத்தின் வலைகள் கரையேறின. தமுக்கு ஒலித்தது. ஏரிக்கரையின் மேல் காத்திருந்த ஊர் அப்படியே சரிந்து இறங்கியது. ஆண், பெண், சிறிசு, பெரிசு, கூடை, குடம். நாங்கள் ஐந்து பேரும் தேவகியும் வட்டக்கரைமேல் வரிசையாக நின்றோம். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டேன்.

கூட்டத்தின் முன்னால் வந்தவள் கன்னியம்மா, தேவகியின் அம்மா. இடுப்பில் கூடை.

“தள்ளு பொண்ணே. வருசத்துக்கு ஒருக்கா வர்ற நாளு. இதுக்கும் காவலா?”

இரவெல்லாம் மனசுக்குள் ஒரு பிரசங்கம் தயாரித்திருந்தேன். ஒரு வரிகூட வாயில் வரவில்லை. “உள்ளே வந்தா குஞ்சுங்க செத்துடும்” என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப மீனெல்லாம் கொக்குக்கு, எங்குளுக்கு வெறும் சேறா?”

“இது மீனே தின்னாதுங்க, நத்தைதான் தின்னும்” என்றாள் மெர்சி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ ஒருவன் கரையில் கால் வைத்தான். தேவகி அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். மேலே நாரைகள் மொத்தமாகக் கிளம்பிச் சுற்றத் தொடங்கின. குஞ்சுகள் கூட்டோடு ஒட்டிக் குனிந்துகொண்டன. அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் ஓடிவந்தார்.

“யாரும் எறங்கக் கூடாது! இந்த மரத்தாண்ட என் வலை பூரவே இல்ல. வலை பூராத மீனு என்னுது!”

கன்னியம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். அவரைப் பார்த்த பார்வைக்கு, எங்களைப் பார்த்த பார்வையே பரவாயில்லை என்று தோன்றிற்று எனக்கு.

“தமுக்கு அடிச்சாச்சி. உன் பாத்தியதை முடிஞ்சிபோச்சி. நைட்ல ஆளை வுட்டு அள்ளலாம்னு பாக்கறியா?”

ஊர் முழுக்க அவர்மேல் பாய்ந்தது. அவரும் விடவில்லை. யார் மீன் என்று இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்களை எல்லோரும் மறந்தே போனார்கள். எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

“யாரும் இறங்க வேண்டாம்! அவரும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். மீன் ஊரோடதுதான். குஞ்சு பறக்கிற வரைக்கும் நாங்க காவல் இருக்கோம். பறந்த மறுநாள் தமுக்கு அடிங்க. அதுவரைக்கும் இவர் ஒரு மீனைத் தொட்டாலும் என்னைக் கேளுங்க.”

கன்னியம்மா என்னை அளந்தாள். “நீ பட்டணத்துக்குப் பூடுவ. அப்புறம் யாரைக் கேக்கறது?”

“போக மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பவேண்டிய பெண் சொன்ன வார்த்தை அது. யாரையும் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

“நானும் கூட கீறேன்மா” என்றாள் தேவகி.

கன்னியம்மா கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “படப்பைக்காரனை நம்பறதுக்கு இதுங்களை நம்பலாம். வெராவும் கொஞ்சம் பெருக்கட்டும்” என்றாள். முனகிக்கொண்டே கூட்டம் மதகுப் பள்ளத்துக்குப் போயிற்று. இளவட்டங்கள் சிலர் போகிற போக்கில் எங்களைக் கேலி பேசினார்கள். பேசட்டும். கரை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மற்ற மூன்று பேரையும் அவரவர் வீட்டார் வந்து அழைத்துப்போனார்கள். மெர்சியும் நானும் நகரவில்லை. சரோஜா டீச்சர் என்னை முறைத்துவிட்டு, ஒரகடம் போய் எங்கள் வீடுகளுக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். வேலை முடியவில்லை என்று தந்தி. “பொய்யில்லையே, செடி இன்னும் கிடக்குதே” என்றார். அவரை எனக்கு அன்றைக்குத்தான் நிஜமாகப் பிடித்தது.

தந்தி கிடைத்த மறுநாளே அப்பா வந்துவிட்டார். கையில் குடை, சலவைச் சட்டை, முகம் முழுக்கக் கோபம். ஏரிக்கரையில் நின்று, “புறப்படு” என்றார்.

“வர மாட்டேன்ப்பா. வாக்குக் கொடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“ஊருக்கு.”

அப்பாவை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எங்கள் தலைக்கு மேல் ஒரு குஞ்சு கிளையின் நுனிக்கு வந்து இறக்கையை அடித்துப் பார்த்தது. கீழே கரைக்கு வெளியே இரண்டு நாய்கள் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. தண்ணீரைத் தாண்ட அவை துணியவில்லை. அப்பா நாய்களைப் பார்த்தார், குஞ்சைப் பார்த்தார், என் கைக் கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வாழைப்பழச் சீப்பையும் தலைவலித் தைலத்தையும் எடுத்து வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார். அவர் முதுகு மறைந்ததும் அழுதேன். அழுதுவிட்டுக் கசிவு அடைக்கப் போனேன்.

வெயில் ஏற ஏற உள்ளே தண்ணீர் குறைந்தது. நாங்கள் பயந்தோம். கவலைப்பட்டது நாங்கள் மட்டுமில்லை என்பதுதான் வேடிக்கை. ஊரில் தினம் யாராவது வந்து எட்டிப்பார்த்து, விரால் சூட்டில் செத்துவிடுமோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் கன்னியம்மா தன் வயல் பம்ப் செட்டைப் போட்டு, வாய்க்கால் வெட்டி, வட்டக்கரைக்குள் தண்ணீர் பாய்ச்சினாள். அதற்கப்புறம் முறைபோட்டுப் பாய்ச்சினார்கள். நாரைக்காகக் கேட்டிருந்தால் ஒரு குடம் கொடுத்திருப்பார்களா தெரியாது. தங்கள் மீனுக்காகக் கொடுத்தார்கள். எதற்காகக் கொடுத்தால் என்ன? மரத்தடியில் தண்ணீர் நின்றது.

வைகாசி பிறந்தது. குஞ்சுகள் முதலில் கிளைக்குக் கிளை தாவின. பிறகு மரத்துக்கு மரம். காற்றில் கோணல்மாணலாகப் போய்ச் சேற்றில் விழுந்து, எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்தன. ஒரு குஞ்சை மட்டும் கூட்டிலேயே இழந்தோம், ஏனென்று தெரியவில்லை. மற்றவை ஒவ்வொன்றாகச் செம்பரம்பாக்கம் இருக்கும் திசையில் பறந்து போயின. கடைசிக் கூடு காலியான அன்று மெர்சி தொண்டை கட்டும்வரை கத்தினாள். தேவகி ஊருக்குள் ஓடினாள்.

மறுநாள் காலை தமுக்கு. இந்த முறை நாங்கள் கரையை விட்டு இறங்கி வழிவிட்டோம். கன்னியம்மா தண்ணீருக்குள் நின்றபடி என்னைக் கூப்பிட்டாள்.

“இன்னா பாக்கற? நீயும் எறங்கு.”

எங்கள் வீடு சைவம். மீனை நான் அதுவரை கையால் தொட்டதில்லை. இறங்கினேன். உள்ளே நூறு கால், நூறு கை, ஒரே கூச்சல். வழுக்கிக்கொண்டே போன ஒன்றை இரண்டு கையாலும் அமுக்கினேன். கெளுத்தி. முள் உள்ளங்கையில் ஏறியது. உயிர் போகிற வலி. நான் அலறியதைக் கேட்டு ஊர் சிரித்தது, நானும் அழுதுகொண்டே சிரித்தேன். எல்லாம் முடிந்தபின் கன்னியம்மா மெர்சிக்கு இரண்டு விரால்களைக் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டை ஈரச் சாக்கில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

“காவல் பங்கு.”

“நாங்க மீன் சாப்பிட மாட்டோம்” என்றேன்.

“துன்றது, துன்னாதது உன் இஷ்டம். பங்கை வாணாம்னு சொல்லக் கூடாது. வெரா லேசுல சாவாது. சாக்கை நனைச்சிக்கினே போ, பட்டணம் வரைக்கும் துள்ளும்.”

டவுன் பஸ்ஸிலும் துள்ளிற்று, பாரிமுனை பஸ்ஸிலும் துள்ளிற்று. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள். மெர்சி பாரிமுனையில் இறங்கியதும், உன் பங்கையும் என்னிடம் கொடுத்துவிடேன், எங்கள் அம்மா குழம்பு வைப்பாள் என்று கேட்டாள். அவள் பங்கு அவளிடம் இருந்தது. என் பங்கை நான் கொடுக்கவில்லை.

வாசலில் அம்மா சாக்கைப் பார்த்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள். “அங்கேயே நில்லு! அந்தக் கருமத்தைத் தெருவில் போட்டுட்டு, கிணத்தடியில் குளிச்சுட்டு உள்ளே வா.”

“தெருவில் போட மாட்டேன். இது என் கூலி.”

அப்பா திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் என்னோடு பேசுவாரா என்றே எனக்குத் தெரியவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

“குஞ்சுங்க?”

“பறந்துடுச்சுப்பா.”

எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்கை வாங்கினார். சலவை வேட்டியில் சேறு வடிந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு நடந்து, கிணற்றின் மூடியைத் தள்ளினார். சாக்கு அவர் கையில் ஒரு உதறு உதறியது. அவிழ்த்து, வாளியில் விட்டு, சகடை கிறீச்சிட மெல்ல இறக்கினார். கீழே தண்ணீர் இரண்டு முறை அறைந்த சத்தம் கேட்டது.

“நாம குடிக்கிற தண்ணி!” என்று அம்மா பதறினாள். “எத்தனை நாளைக்கு இது?”

“அது அவ பங்கு” என்றார் அப்பா. “அவளைக் கேளு.”